எங்கே என்று கேட்காதவர்கள்

1964 ஜூன் 18, வியாழன்

பம்பாயில் விடாத மழை. மாஹிம் பக்கம் முழங்கால் தண்ணீர். வார்டு முழுக்க ஈரக் குடை வாசனை.

இதில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டயரி, நோயாளிகளைப் பற்றிக் குறித்துக்கொள்ளக் கொடுத்தார். என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஆனால் வாயில் வராதது எங்காவது போய்ச் சேர வேண்டுமே.

பயிற்சி வருடம் மாதக் கடைசியோடு சரி. மேற்கொண்டு படிக்க இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று, இங்கேயே, பிரசவ வார்டு. தாராவி வீட்டிலிருந்து நடந்தே வரலாம். அம்மா கைச் சோறு. பின்னால் கிளினிக் போட்டால் நம் ஜனமே போதும்.

இன்னொன்று, தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. மயக்க மருந்துத் துறை. ரயிலில் இரண்டு ராத்திரி. ஒருவரையும் தெரியாது.

பெண் டாக்டர் என்றால் பிரசவம்தான் என்று சீஃப் முடித்துவிட்டார். நான் தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. போன மாதம் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பெண் என் விரலைப் பிடித்துக்கொண்டே மயங்கினாள். மயங்கிய பிறகும் விடவில்லை. கண் விழித்ததும் என்னைத்தான் தேடினாள். தூங்கப் போகிறவரைத் திரும்பக் கூட்டி வருகிற வேலை. அதற்கு அதிகம் பேச வேண்டாம்.

ஜன்னல் கட்டிலில் பேச்சியம்மாள். நாங்குநேரிப் பக்கம், இப்போது தாராவி. பக்கவாதம். வலது கை, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியது இரண்டே சொல். வார்டைவிட்டு யார் வெளியே போனாலும் முதுகுப் பக்கம் கேட்கிறாள்: "எங்க போற?"

பேர் பேச்சி. பாவம்.

ஜூன் 19, வெள்ளி

திலக் நகர் முத்துலட்சுமி டிஸ்சார்ஜ். தலை வாரி, பூ வைத்து, கணவர் கையில் டிரங்குப் பெட்டி. வாசலைத் தாண்டும்போது பேச்சி: "எங்க போற?"

அவருக்கு வந்ததே கோபம். "ஏ கெழவி, வீட்டுக்குக் கெளம்புத பொம்பளைய எங்கன்னா கேக்க? வாயில வேற வார்த்தையே வராதா?"

வராது, அதுதான் நோய் என்று விளக்க நினைத்தேன். குரல் எழும்புவதற்குள் போய்விட்டார்கள்.

சாயங்காலம் முத்துலட்சுமி திரும்பி வந்தாள். நூற்று மூன்று காய்ச்சல். அதே கட்டில்.

ஆயா சாந்தாபாய் தரை துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உஸ்னே பூச்சா தோ வாபஸ், டாக்டர்பாய்." அவள் கேட்டால் திரும்பி வந்துவிடுவார்களாம். சாந்தாபாய்க்கே மாற்றல் உத்தரவு வந்து, வார்டைவிட்டுப் போன அன்றே ரத்தாகிவிட்டதாம்.

அவள் கேட்காமல் யாராவது போனதுண்டா என்றேன்.

மூலைக் கட்டிலைக் காட்டினாள். அங்கே இருந்த மராட்டிக் கிழவி நன்றாகத்தான் நடந்து போனாள். பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். மூன்றாம் நாள் மகன் சாவுச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றான்.

தற்செயல். வயதானவள். இதய நோய்.

வாங்க வேண்டியவை: சோப்பு, பேனா மை, அம்மாவுக்கு வலி களிம்பு.

ஜூன் 21, ஞாயிறு

வீட்டில். ஓட்டில் மழைச் சத்தம், பேச்சே கேட்கவில்லை. எனக்கு வசதி.

எங்கள் வீட்டில் கிளம்புகிறவரை எங்கே என்று கேட்பதில்லை. கேட்டால் போன காரியம் கெடும். பாதியில் திரும்ப வேண்டும், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். கட்டாயம் தெரிய வேண்டுமென்றால் "தூரமா?" என்று கேட்கலாம். பம்பாயில் நாள் முழுக்க எல்லோரும் எல்லோரையும் "கிதர்?" என்கிறார்கள். ஹிந்தியில் கேட்டால் தோஷமில்லை போல.

அம்மா பழைய கதையை எடுத்தாள். "மெட்ரிக் பரீட்சைக்குப் போகையில எதுத்த வீட்டுக்காரி எங்கட்டி போறன்னு கேட்டுட்டா. உங்கப்பா ஒன்னையத் திரும்பக் கூட்டியாந்து, ஒக்கார வச்சு, செம்பு நெறய தண்ணி குடுத்து... அங்க பெல் அடிச்சுட்டான்!"

"பாஸாயிட்டால்லா?" என்றார் அப்பா. ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். எழுத்து தெரியாது.

இரண்டு இடம் என்றேன். அப்பா வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூரமா?"

"கொஞ்சம் தூரம்தான்."

"ம்."

அவ்வளவுதான். எந்த இடம், என்ன படிப்பு, எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா அப்பளம் பொரிக்க எழுந்து போனாள்.

ஜூன் 22, திங்கள்

இன்றுதான் கவனித்தேன். பேச்சி என்னை மட்டும் கேட்பதில்லை.

காலையிலிருந்து எத்தனை தடவை வெளியே போயிருப்பேன்! நர்ஸ் போனாள், கேட்டாள். சாந்தாபாய் வாளியோடு போனாள், கேட்டாள். டீ கொண்டு வந்தவனைக்கூடக் கேட்டாள். நான் எழுந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

வேண்டுமென்றே வாசலில் நின்றேன். செருப்பைச் சரிசெய்வது போல. மழைச் சத்தம் மட்டும்.

திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். பக்கவாதத்தில் கண்ணீர் தானாக வரும். பாடத்தில் இருக்கிறது.

ஜூன் 23, செவ்வாய்

பேச்சியம்மாள் விடிகாலையில் இறந்தாள். இன்னொரு அடைப்பு. மகன் வந்து எடுத்துப் போனார். மெத்தையைச் சுருட்டியாயிற்று, இரும்புக் கட்டில் மட்டும் கிடக்கிறது.

மத்தியானம் ராஜி வார்டுக்கு வந்தாள். மாதுங்கா, என்னோடு படித்தவள். பூனாவில் வேலைக்குச் சேரப் போகிறாள், சொல்லிக்கொள்ள வந்தாள். வாசல்வரை போனவள் சட்டென்று திரும்பினாள்.

"ஏண்டி, போறச்சே எங்க போறேன்னு கேப்பாளா யாராவது?"

"நான் கேட்கலையே."

"பின்னே யாரு? எங்காத்துல கேட்டா எங்கம்மா சண்டைக்கு வந்துடுவா, தெரியுமோ?" சிரித்துக்கொண்டே போனாள்.

வார்டில் தமிழ் தெரிந்தவள் அப்போது நான் ஒருத்திதான். முத்துலட்சுமி எக்ஸ்ரேக்குப் போயிருந்தாள்.

பிறகு நான் வெளியே போனேன். மெதுவாக. எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 24, புதன்

ராஜி தாதரிலிருந்தே வீடு திரும்பிவிட்டாள். மலைப் பாதையில் மண் சரிந்து ரயில் இல்லை.

தெற்கே தந்தி அடித்துவிட்டேன். வருகிறேன் என்று. தந்திக் குமாஸ்தா ஒரு சொல்லைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். நானே அடித்தது.

சீஃபிடம் சொன்னபோது என் தலை ஆடவில்லை. "வேண்டாம் சார்" என்று வாயாலேயே சொன்னேன். பிரசவ வார்டு இடம் வேறொருத்திக்கு.

ஜூன் 28, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. நாளை ரயில். பெட்டி கட்டியாயிற்று: புடவை நான்கு, ஸ்டெதஸ்கோப், ஊறுகாய் (வேண்டாமென்றாலும் அம்மா கேட்கவில்லை), கம்பளி.

வார்டில் விடைபெற்றேன். வாசலில் நின்றேன். ஜன்னல் கட்டிலில் புது ஆள், தூங்குகிறாள். சாந்தாபாய் மட்டும் "கிதர், டாக்டர்பாய்?" என்றாள். அது கணக்கில் சேருமா?

வீட்டில் பெட்டியின் பூட்டுக்கு அப்பா எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். "தூரமா"கூட இப்போது இல்லை. நாளை வாசலில் நிற்பார். அம்மா தண்ணீரோடு நிற்பாள். நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அப்பா, உங்களால் இதைப் படிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். திரும்பி வருவேனா என்பதுதான் பயமாக இருக்கிறது. காரியம் கெட்டாலும் பரவாயில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பிக்கொள்கிறேன். நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை, சத்தமாக, கேளுங்கள்:

"எங்கட்டி போற?"