எதிர்வீட்டு மஞ்சள் சுவர்

அன்புத் தோழிக்கு,

நேற்று மருமகளுக்கு மோதிரம் வாங்க நேரு வீதிக்குப் போயிருந்தோம். கடையில் இருந்த பெண் ஒரு வெள்ளைக் காகிதத்தை இரண்டாக மடித்து, அந்த மடிப்பில் வைரத்தைக் கவிழ்த்துப் போட்டாள். எனக்குச் சட்டென்று உன் விரல்கள் ஞாபகம் வந்துவிட்டன. "மல்லாத்திப் போட்டா மினுக்கு கண்ணை ஏமாத்திடும், கவுத்துப் போட்டாத்தான் நெறம் தெரியும்" என்று நீ சொல்வதை மருமகளிடம் ஒப்பித்தேன். என்னை யாரோ பெரிய வைர வியாபாரி என்று நினைத்து, கடைக்காரர் எனக்கு மட்டும் இன்னொரு காபி வரவழைத்தார். நானும் மறுக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

உன் வாப்பாவுக்குக் கல் வியாபாரம். வெளி ஆண்கள் உள்ளே போக முடியாத வீடுகளில், பெண்களின் நகைகளைப் பார்த்துச் சொல்ல உன்னைத்தான் அனுப்புவார். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கில் கோட்டை விட்ட நீ, உங்கள் வீடு இருந்த முல்லா வீதியைத் தாண்டி நகை பார்க்கப் போனால் பெரிய மனுஷி. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அந்தச் சின்னக் கண்ணாடியை லூப் என்று பிரெஞ்சுக்காரர் பாஷையிலேயே சொல்வாய். அது கையில் இருந்தால் உன்னால் சும்மா இருக்க முடியாது. என் கன்னத்து மச்சத்தைப் பார்த்து, கழிக்க வேண்டிய கல் என்றாய். நம் தையல் டீச்சரை, கல் நல்ல கல்தான், பட்டைதான் சரியாகத் தீட்டவில்லை என்றாய். முதலில் நிறம், பிறகு உள்ளே புள்ளியோ கீற்றோ இல்லாத சுத்தம், பிறகு பட்டை, எடை கடைசியில்தான். எடையை முதலில் கேட்கிறவர்கள் கறிக்கடைக்குப் போகட்டும் என்பாய்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமான தை மாதம். அப்பா சைகோனில் உத்தியோகம் பார்த்தபோது அம்மாவுக்கு வாங்கி வந்த ஏழு கல் தோடு எனக்கு என்று முடிவாகியிருந்தது. அப்பா இறந்தபின் அம்மா அதைப் போடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துத் துடைத்து, பால் வெள்ளைக் கல்லாகத் தேடிப் பிடித்து வாங்கியதாக அப்பா சொன்னதை எங்களுக்கும் சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் வைப்பாள். அவர் கையால் அவளுக்கு வந்த ஒரே நகை அது.

அன்று நீ பொங்கல் முடிந்து என்னைப் பார்க்க வந்திருந்தாய். அம்மா பெருமையாகத் தோட்டை எடுத்து நீட்டினாள். கல்லை வடக்கு வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்று நீ வாசல் பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாய். காகிதத்தை மடித்தாய், கவிழ்த்தாய், வெகுநேரம் பார்த்தாய். உனக்குப் பொய் வராது.

"மஞ்சள் ஓடுதும்மா. எல்லாக் கல்லுலயும்."

அம்மா தோட்டை வாங்கிக்கொண்டாள். நீ போனபிறகுதான் பேசினாள். அப்பாவை யாராவது ஏமாற்றினார்களா, இல்லை அவரேதான் தன்னிடம் அப்படிப் பொய் சொல்லிவைத்தாரா என்று கேட்டாள். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. பெட்டியைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நீயாகவே வந்து படியேறினாய். கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். உன் வாப்பா எங்கே போனாலும் கொண்டுபோகும் மாதிரிக் கல், அப்பழுக்கில்லாத வெள்ளை. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நிறம் சொல்லவே கூடாது என்பது உங்கள் வீட்டுச் சட்டம். அன்று அதை மறந்து வாயை விட்டுவிட்டேன், இரண்டு நாளாக மனசு அடித்துக்கொள்கிறது, இன்னொரு தடவை பார்க்கணும் என்றாய். அதே ஜன்னலோரம் உட்கார்ந்து முதலில் மாதிரிக் கல்லைக் காகிதத்தில் போட்டாய். அதுவும் மஞ்சளாகத் தெரிந்தது! நிமிர்ந்து தெருவைப் பார்த்தாய். எதிர்வீட்டுக்காரர் பொங்கலுக்கு மஞ்சள் காவி கலந்து சுண்ணாம்பு அடித்திருந்தார். வெயில் அந்தச் சுவரில் பட்டு நம் ஜன்னலுக்குள் வந்துகொண்டிருந்தது.

மூவரும் மொட்டை மாடிக்குப் போனோம். வானத்து வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நான் சொன்னது தப்பு, இது வெள்ளைக் கல் என்றாய். அம்மா நம்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நீ இரக்கப்பட்டுவிட்டாய் என்று நினைத்தாள்.

"எனக்காகச் சொல்றியா கண்ணு?"

"உங்களுக்காகச் சொல்றதுன்னா எல்லாமே சுத்தம்னு சொல்லியிருப்பேனேம்மா. எடது தோட்டுல அடிக் கல்லுல கருப்பா ஒரு புள்ளி இருக்கு. அது இருக்கத்தான் இருக்கு. நெறம் மட்டும் பால் வெள்ளை."

அம்மா உன்னிடமிருந்து லூப்பை வாங்கி, அந்தப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவருக்கு வெள்ளெழுத்து, இது எங்கே தெரிந்திருக்கும் என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அந்த மாடியிலேயே தோட்டை என் காதில் போட்டுவிட்டாள். உன் மீது எனக்கு அன்று வந்த பிரியத்தை எழுதிக் காட்ட இன்றும் எனக்குத் தெரியவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. முந்தின நாள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தபோது, அவளைத் தேற்றுவதாக நினைத்து நான் ஒன்று சொன்னேன். "அவ பேச்சை எடுத்துக்காதம்மா. எனக்குக் கல்யாணம் கூடிடுச்சு, அவளுக்கு இன்னும் கூடல. வயித்தெரிச்சல்ல சொல்றா." மறுநாள் நீ வந்தாய். அதே வாயால் உன்னை வா என்றேன். என் கல்யாணத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிறகு நீ வாழ்க்கைப்பட்டுக் காரைக்கால் போனபோது, பிள்ளைகளோடு வரும்போதெல்லாம், கடைசியாக உடம்புக்கு முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ படுத்திருந்தபோதும். சொல்லவில்லை. அம்மாவும் நான் சொன்னதை யாரிடமும் மூச்சு விடாமல் போய்ச் சேர்ந்தாள்.

உன் தப்பைச் சொல்ல உனக்கு மூன்று நாள்தான் ஆனது. எனக்கு அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கேட்கவும் நீ இல்லை. உன்னைப் பற்றி நான் பொய் சொன்னேன். மன்னித்துவிடு.