இரண்டாவது விமானம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் நலம் என்று போனில் மாப்பிள்ளை சொன்னார். நீயே உன் கையால் ஒரு வரி எழுதினால் இன்னும் கொஞ்சம் நன்றாக நம்புவேன்.

முதலில் என் மானம் போன கதை. பக்கத்தில் நின்று பார்த்தவள் நீ. ஆனால் அம்மாவிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது, அதனால் நானே சொல்லி அவள் வாயில் விழுந்தேன். உன்னை மாப்பிள்ளையிடம் கொண்டுவந்து விட்ட பயணத்தில், விமானம் மாறும் ஊரில், சோதனை வரிசையில், பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஊரில் இருக்கிற காருக்கெல்லாம் அளவெடுத்து சீட் கவர் தைக்கிறவன், என் பேன்ட்டை மட்டும் அளவெடுக்காமல் போட்டு வந்திருக்கிறேன். ஒரு கையில் பேன்ட், ஒரு கையில் பிளாஸ்டிக் தட்டு. அந்த நேரம் பார்த்து மெஷின் கத்துகிறது. தடவிப் பார்த்தால் சட்டைக் காலருக்கு அடியில் என் வளைந்த ஊசி! வேலைக்கு நடுவில் அங்கே குத்தி வைக்கிற பழக்கம். முதல் விமானத்தில் யார் கண்ணிலும் படாமல் இத்தனை தூரம் என்னோடு ஓசியில் வந்திருக்கிறது. அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, நான் விமானத்தைக் கடத்த வந்தவன் என்றே நினைத்திருப்பார். பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு எவன் கடத்துவான்? “உங்களுக்கு இந்தத் தண்டனை பத்தாது” என்றாள் அம்மா, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு.

அவள் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறுத்த ஆரம்பித்தது. சீட் தைக்கிற ஊசி என்று அந்த அதிகாரியிடம் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நீ என் கடையைப் பற்றி, ரெக்சினைப் பற்றி, உள்ளே வைக்கிற பஞ்சைப் பற்றி எல்லாம் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவருக்கே கொட்டாவி வந்துவிட்டது. முதல் விமானம் ஏற்கெனவே தாமதம். அடுத்ததைப் பிடிக்க நேரமே இல்லை. ‘படிச்ச பொண்ணு, மரியாதையாப் பேசுது’ என்று அப்போது பெருமைப்பட்டேன். இப்போது சந்தேகப்படுகிறேன்.

எனக்குச் சந்தேக புத்தி என்பது தெரிந்ததுதான். தராசில் நிறுத்துக் கொடுத்தாலும் கடைக்காரன் விரலைப் பார்க்கிறவன். ஆனால் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்காமல் விட்டேனோ என்று இந்தத் தடவை என் மேலேயே சந்தேகம்.

நீ ஓய்வுக்கு என்று வந்து எங்களோடு இருந்தாய். திரும்பிப் போகிற பேச்சை நீயாக எடுக்கவே இல்லை. திடீரென்று மாப்பிள்ளை இரண்டு டிக்கெட் அனுப்பினார். “நீங்களும் கூட வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க மாமா” என்றார். மாமனாருக்கு விமான டிக்கெட் எடுக்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். டிராவல்ஸ் வைத்திருக்கிற வாடிக்கையாளர் ஒருவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, “ரெண்டு ஃப்ளைட்டுக்கும் நடுவுல ஓடத்தான் முடியும், மூச்சு விட முடியாதே” என்றார். அதையே மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன். “நடுவுல சும்மா உக்காந்திருந்தா கண்டதையும் யோசிக்கத் தோணும் மாமா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். யாருக்கு யோசிக்கத் தோணும் என்று கேட்கவில்லை.

சோதனை முடிந்ததும் நீ பாத்ரூம் போனாய். வரவே இல்லை. நான் வாசலில் நின்று, உள்ளே போகிற வருகிற பெண்களெல்லாம் என்னை முறைக்க, மேலே இருக்கிற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் விமானத்துக்கு நேராகச் சிவப்பு விளக்கு மின்னுகிறது. நீ முகம் கழுவிக்கொண்டு வந்தாய். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாததால் என்றாய். சரி என்றேன்.

அப்புறம் அந்த பேட்டரி வண்டி. வயசானவர்களை ஏற்றிப் போகிற வண்டிக்காரர் என் மூச்சிரைப்பைப் பார்த்துத் தானாக நிறுத்தினார். “வேண்டாம்ப்பா, நடந்தே போலாம்” என்றாய். எனக்கு வந்ததே கோபம். விமானம் போய்விட்டால் மாப்பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது என்று கத்தினேன். நீ பையை வண்டியில் வைத்தாய், ஏறவில்லை. “நீங்க போங்க, நான் வரேன்” என்றாய். எனக்குக் கிடைத்த சீட் பின்பக்கம் பார்த்த சீட். வண்டி முன்னால் போகப் போக, நீ தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போனாய். அவ்வளவு கூட்டத்தில் ஓடாதவள் நீ ஒருத்திதான்.

விமானம் ஏறுகிற கேட்டை மூட ஒரு பெண் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஓடுகிற பஸ்ஸைப் பிடித்தே வளர்ந்தவன், விடுவேனா? “டாட்டர் கமிங், டாட்டர் கமிங்” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்தேன். நீ வந்தாய், நடந்துதான் வந்தாய். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், உன்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாக ஏதோ கேட்டாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பல்லைக் காட்டிக்கொண்டு, வாட்ச்சைத் தட்டிக் காட்டினேன். நீ அவளிடம் தலையாட்டினாய்.

என்ன கேட்டாள் என்றேன். “பை எத்தனைன்னு கேட்டாப்பா” என்றாய். பாப்பா, உன் அப்பா எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் போகிறதற்கு உனக்கு இஷ்டம்தானா என்று ஒருத்தி கேட்பது காதில் விழுந்தால், அது புரிகிற அளவு இங்கிலீஷ் எனக்கு உண்டு. புரியாத மாதிரி இருப்பது அப்போது சௌகரியமாக இருந்தது.

சீட்டில் உட்கார்ந்ததும், “உங்கள மாதிரி யாராலயும் ஃப்ளைட் பிடிக்க முடியாதுப்பா” என்றாய். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, வந்த சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

இறங்கியதும் மாப்பிள்ளை முதலில் வாட்ச்சைத்தான் பார்த்தார். “கரெக்டாக் கொண்டுவந்து சேத்துட்டீங்க மாமா” என்றார். பாஸ்போர்ட் இரண்டையும் வாங்கி உள் பையில் வைத்துக்கொண்டார், பத்திரமாக இருக்கட்டும் என்று. நான் கிளம்பும்போது என்னுடையது வந்தது.

உங்கள் வீட்டில் அவர் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை. குரலை உயர்த்தவில்லை. எனக்குத் தினமும் அவரே டீ போட்டுக் கொடுத்தார். உன்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார், அதுவும் சிரித்த முகமாக. அறை குளிர்கிறதா பாப்பா என்றால், “அவளுக்குக் குளிராது மாமா” என்பார். நீ போர்வையை இழுத்துக்கொண்டு ஆமாம் என்பாய். அம்மா போன் செய்தால் ஸ்பீக்கரில் போடுவார். ஒரு நாள் அவர் குளிக்கப் போன சமயம் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். குழாய்ச் சத்தம் நின்றதும் நீ எழுந்து போய்விட்டாய். சீட்டு மேலே எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், உட்கார்ந்து பார்த்தால்தான் உள்ளே ஆணி நீட்டியிருப்பது தெரியும். உன்னைத் தவிர வேறு யாருக்கு அது தெரியப் போகிறது?

இதெல்லாம் என் வீண் சந்தேகமாக இருந்தால் நல்லது. ‘லூசு அப்பா’ என்று ஒரு வரி எழுதிப் போடு, சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிடுகிறேன். மாப்பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்கிறேன், பெல்ட்டைக் கழற்றிவிட்டுக்கூட.

இல்லை என்றால், இதைக் கவனமாகப் படி. வீட்டு முகவரிக்கு அனுப்பாமல், நீ வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரிக்கு இதை அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, அதை முதலில் பார். இல்லாவிட்டால் அங்கே இருக்கிற நம் நாட்டுத் தூதரகத்தில் போய்க் கேட்கலாம் என்று டிராவல்ஸ்காரரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை. அடுத்த தடவை போனில் பேசும்போது, ஸ்பீக்கர் இருந்தால் இருக்கட்டும், “அப்பா, தையல் மெஷின் ரிப்பேரா?” என்று மட்டும் கேள். கடையை மூடிவிட்டு வருகிறேன். எனக்குக் கொடுத்த விசா இன்னும் செல்லும். அம்மா மாடி அறையைப் பெருக்கி, ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறாள். யார் என்ன பேசுவார்கள் என்ற கவலை உனக்கு வேண்டாம். பேசுகிறவர்களுக்கெல்லாம் என் பேன்ட் கதையைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ பயமில்லாமல் தூங்க வேண்டும், அம்மாவும் நானும் வேண்டிக்கொள்வது அது ஒன்றுதான்.

அந்தப் பெண் கேட்டபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அப்போது என் வாய் வரைக்கும் வந்த ஒன்றை நான் சொல்லவில்லை. கயிற்றை விட்டுவிட்டு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்: இந்த விமானம் போகட்டும் பாப்பா, வா, நாம் வீட்டுக்குப் போகலாம்.

உன் அப்பா