காலில் எரிந்தது எங்கே போயிற்று

ஜூலை 3, வியாழன்
எழுந்ததும் முதல் வேலையாக, அவருக்கு இன்று என்ன சொல் வருகிறது என்று பார்த்தேன். "டீ" வந்தது. சர்க்கரையைக் கையால் காட்டினார். என் வீட்டுக்காரர் ஷாகிருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம். கைகால் கொஞ்சம் தளர்ந்ததோடு தப்பியது, பேச்சு தப்பவில்லை. அவருடைய எலக்ட்ரிக்கல் கடை பூட்டிக் கிடக்கிறது.

ஜூலை 4
பிஸியோதெரபியில் மூன்று மாடி ஏறி இறங்கினார். இறங்கிய கையோடு நானே ரத்தம் எடுத்து, நான் வேலை பார்க்கும் லேபிலேயே போட்டேன். தசைக் கழிவான லாக்டேட் ஆறு புள்ளி இரண்டு! நான்கைத் தாண்டினாலே ஆபத்தென்று ஐசியூவுக்குப் போன் போடுகிற ஆள் நான். யாரிடமும் கேட்கவில்லை. இனிப் படி கிடையாது, நடை கிடையாது என்று சொல்லிவிட்டேன்.
"நடந்தாத்தான்... தலை... தெளியுது" என்றார்.
எண்ணைத்தான் நம்பினேன்.

ஜூலை 19
"ஃபேன்" கூட வரவில்லை. ஃபேன் விற்ற கடைக்காரருக்கு.

ஜூலை 24
டாக்டர் அருண்பாண்டி, "நடை எப்படிக்கா போகுது?" என்றார். நிறுத்தியதைச் சொல்லி ரிப்போர்ட்டைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.
"படியேறுன யாருக்கு எடுத்தாலும் அம்புட்டு ஏறும்க்கா. கொஞ்ச நேரத்துல இறங்கிரும். லேப்லயே கெடந்து வீட்டுக்காரரையும் ஐசியூ கேஸ் ஆக்கிட்டீங்களே!"
"அந்தக் கழிவு மூளைக்குப் போகாதா டாக்டர்?"
"போகட்டும். மூளை அதைத் தின்னும்."
தின்னுமா?

ஜூலை 25
நாளெல்லாம் படித்தேன். தசையில் பிறந்த லாக்டேட் ரத்தத்தில் ஏறி, மூளைக்குள் புகுந்து எரிபொருளாகிறது. மூளையிலேயே நரம்பணுக்களைச் சுற்றி நிற்கும் துணை அணுக்களும் லாக்டேட்டைச் செய்து ஊட்டுகின்றனவாம். எலிகளில் அந்த வழியை அடைத்தால், கற்றது மனதில் தங்குவதில்லையாம். ஒரு நினைவு நிலைக்கப் பக்கத்தில் ஒருவர் நின்று ஊட்ட வேண்டியிருக்கிறதா? யா அல்லாஹ்! இருபது வருஷம் இதை அளந்தேன். ஒருநாளும் பார்க்கவில்லை.
விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். "இது மருந்துன்னு நான் சொல்லலக்கா" என்றார் டாக்டரும். சரி. ஆனா மூணு வாரம் — நான்தானே மறிச்சேன்? அவுகதான் சொன்னாகளே, தலை தெளியுதுன்னு. எம்புட்டுத் திமிர் எனக்கு!

ஆகஸ்ட் 10, ஞாயிறு
மறுபடி நடக்கத் தொடங்கி இரண்டு வாரம். இன்று மூன்று மாடி. உச்சியில் மூச்சு வாங்க நின்றார், முகமெல்லாம் சிவந்து. நாடி பிடிக்கப் போனேன்.
"விடு ஃபாயிஸா. கடையில ஒட்டடை எம்புட்டுச் சேர்ந்திருக்கும்?"
முழு வாக்கியம். நடையாலா, நாளாலா, தெரியாது. அவர் கால்களில் எரிந்துகொண்டிருந்தது இந்நேரம் நெற்றிக்குப் பின்னால் ஏதோவொரு சொல்லுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
"உனக்கா மூச்சு வாங்குது?" என்று கேலி வேறு.
நாளை நடைக்கு நான் கூடப் போகப்போவதில்லை. கடைக்குப் போகும் வழியில், வண்டி ஓயாத கோரிப்பாளையம் சந்திப்பை அவர் தனியாகக் கடக்கட்டும். கடைச் சாவியை அவர் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். அவருக்கே இன்னும் தெரியாது.