ஜன்னலைத் திறந்தது யார்

தாம்பரம், 12.11.2009

அன்புள்ள அப்பாவுக்கு ஜெரூஷா வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

இதைப் பயப்படாமல் படியுங்கள். செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஏசி பழுதானதால் கம்ப்யூட்டர் மெஷின்கள் இருக்கும் அறையின் ஜன்னலைத் திறந்துவைத்து மறந்துவிட்டேன். மழையில் நாற்பது மெஷின்களில் இரண்டு நனைந்து நின்றுபோயின. ஆஸ்பத்திரிகளுக்கான ரத்ததானப் பட்டியல் வேலை அப்போது பாதியில் இருந்தது. அழுதுவிட்டேன்.

எங்கள் டீம் லீடர் சத்யப்ரியா அக்கா, “அழாதடி. பட்டியலோட ஒவ்வொரு துண்டும் மூணு மெஷின்ல நகலா இருக்கு. ரெண்டு போனாலும் மூணாவது இருக்குல்ல?” என்றார். நின்றவற்றின் வேலையை மற்ற மெஷின்கள் தாமாகவே எடுத்துக்கொண்டன. நான்கு மணிக்கெல்லாம் பட்டியல் தயார்.

“ஜன்னலைத் திறந்தது யாரு?” என்று மேனேஜர் கேட்டார்.

“நாங்க ரெண்டு பேரும்தான் சார்” என்றார் அக்கா.

அக்காவுக்குக் கொடுக்க மஸ்கோத் அல்வா அனுப்புங்கள். ஞாயிறு மதியம் போன் செய்யுங்கள் அப்பா, அந்நேரம் ஹாஸ்டலில் வேறு யாரும் இருப்பதில்லை, நிம்மதியாகப் பேசலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ஜெரூஷா