காட்சிப்பொருள் எண் 17: என் ஊன்றுகோல்

அனுப்புநர்:
ஓவியம், சிற்பம், மேடை, நிழற்படம் ஆகிய நான்கிலும் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரியும் கலைஞர்,
தையற்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி (மின்தூக்கி இல்லை).

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பண்பாட்டுத் துறை.

பொருள்: நகரக் கலைக்கூடத்தில் கண்ணாடி மூடி போட்டு முத்திரை வைக்கப்பட்டுள்ள எனது சொந்த ஊன்றுகோலை மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நான் நேரில் அளித்த விண்ணப்பம் (வாங்க மறுக்கப்பட்டது).
2. கலைக்கூட அலுவலரின் பதில் கடிதம் (ஒரே வரி).

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் இடது கால் இரண்டு வயதிலிருந்தே உடலைத் தாங்காது. வலது அக்குளில் ஊன்றுகோல் வைத்து நடக்கிறேன். பொதுக் கட்டடங்களில் ஆண்களுக்கு ஒரு கழிப்பறைக் கதவு, பெண்களுக்கு ஒரு கதவு, சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவு ஒன்று. அந்த மூன்றாவது கதவுக்குள் போகிறவர் ஆணா பெண்ணா என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. என் முதல் படைப்பு அந்தக் கதவைப் பற்றியது. பிறகு மீசை ஒட்டிக்கொண்டு ஓராண்டு தெருவில் நடந்து, என்னை நானே நிழற்படம் எடுத்தேன். மீசை இருந்தபோது "அண்ணே, பாத்து வாங்க" என்று வழிவிட்டார்கள். மீசை இல்லாதபோது "ஐயோ பாவம், யாரு கட்டிக்குவா" என்றார்கள். என் பிழைப்பு இதுதான் என்பதைத் தங்கள் கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

2. இருபத்திரண்டு ஆண்டுப் படைப்புகளைத் தொகுத்துக் கலைக்கூடம் காட்சி வைத்தது. பட்டியலில் பதினேழு எண்கள். பதினேழாவதன் பெயர் 'நிற்றல்'. அதில் பொருள் எதுவும் கிடையாது. ஊன்றுகோல் இல்லாமல் வெற்றுப் பீடத்தில் ஏறி, என்னால் முடிந்தவரை நான் நிற்பேன். அவ்வளவுதான். இதைப் பட்டியலில் என் கைப்படத் தெளிவாக எழுதியிருந்தேன்.

3. திறப்பு விழா அன்று அந்தப் பீடத்தின் ஓரத்தில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, பக்கத்து அறையில் நாற்காலியில் அமர்ந்து பார்வையாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பண்டகக் காப்பாளர் எண்ணிக்கை சரிபார்க்க வந்திருக்கிறார். பதினேழாம் பீடம் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டை இருந்தது. எடுத்துப் பீடத்தில் நிறுத்தி, கண்ணாடி மூடி கவிழ்த்து, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டார். நான் பதறிக் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மேடம், லிஸ்ட்ல பதினேழு இருக்கு. பதினேழும் இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். முத்திரை வச்சா வச்சதுதான், தொண்ணூறு நாள் கழிச்சுத்தான் பிரிக்கணும்."

4. அன்று இரண்டு காவலாளிகள் என்னை நாற்காலியோடு தூக்கி இருபத்தாறு படிகள் இறக்கினார்கள். அதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். மறுவாரம் கலைக்கூடத்தின் விளம்பரத் தாளில் அந்தப் படம் வந்தது. கீழே 'தன்னம்பிக்கைச் சிகரம்' என்று எழுதியிருந்தது. சீ! என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, என்னை மூட்டைபோல் தூக்கிச் சுமந்து, அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயரும் வைத்தவர்களை நினைத்தால் குமட்டிக்கொண்டு வருகிறது. மன்னிக்கவும் ஐயா, மனுவில் எழுத இதைவிடக் கௌரவமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

5. எட்டாம் நாள் என் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் படியேறினேன். அந்த ஊன்றுகோலின் துளைகள் என் உயரத்துக்குப் பொருந்தாமல், சைக்கிள் கடைக்காரர் புதிதாக ஒரு துளை போட்டுத் தந்தார். கைப்பிடியில் சுற்றிய துணி என் பழைய சட்டை. கண்ணாடிமேல் கை வைத்தேன். புதிதாக வேலைக்கு வந்த காவலாளி ஓடி வந்து, "அம்மா, தொடாதீங்க, அது ஆர்ட்டிஸ்ட்டோடது" என்றார். நான்தான் அந்த ஆர்ட்டிஸ்ட் என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த மீசைப் படத்தைக் காட்டி, "சும்மா இருங்கம்மா, அவரு ஆம்பளை" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த வளாகத்தில் என் படைப்பை உற்றுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

6. அன்றே அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். படிவத்தில் ஆண், பெண், மாற்றுத்திறனாளி என்று மூன்று கட்டங்கள். இரண்டில் குறியிட்டேன். எழுத்தர் தாளைத் திருப்பித் தள்ளினார். "ஏதாவது ஒண்ணுலதான் டிக் பண்ணணும் மேடம். ரெண்டும் எப்படி இருப்பீங்க?" என் தங்கைக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் சார், நீங்க கிளார்க்காவும் மனுஷனாவும் ரெண்டுமா இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். அத்தோடு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

7. பின்னர் தபாலில் கேட்டதற்கு வந்த கலைக்கூட அலுவலரின் கடிதம் 'காட்சிப்பொருள் காப்பீடு செய்யப்பட்டுள்ளதால் அகற்ற இயலாது' என்கிறது. பிறகு தொலைபேசியில், "புதுசா ஒண்ணு தர்றோம் மேடம், சின்னதா ஒரு ஃபங்ஷன் வச்சே தர்றோம்" என்றார். என் ஊன்றுகோலை என்னிடமிருந்து எடுத்து, எனக்கே ஊன்றுகோல் தானம் செய்து, அதையும் படம் எடுக்க வேண்டுமாம். எவ்வளவு கேவலம்!

8. மருந்துக்கடையில் வாங்கிய ஊன்றுகோல் உயரம் போதாமல் வழுக்கியது. விழுந்ததில் வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. நான் வரையும் கை அது. கட்டு பிரிக்கும்வரை வேலை இல்லை. விழுந்த நாளிலிருந்து வீட்டைவிட்டு இறங்க முடியவில்லை. இம்மனுவை நான் சொல்லச் சொல்ல என் தங்கை எழுதுகிறாள். ஆங்காங்கே அவள் சேர்த்த வசவுகளை நீக்கிவிட்டேன்.

ஆகவே, முத்திரையைப் பிரித்து என் ஊன்றுகோலை என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கையில் தரவும், மேற்படி விளம்பரத் தாளைத் திரும்பப் பெறவும் உத்தரவிடக் கோருகிறேன். விழா வேண்டாம். மேடை வேண்டாம். யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம்.

வரும் திங்கட்கிழமைக்குள் அது வந்து சேராவிட்டால், செவ்வாய்க்கிழமை அலுவலக நேரத்தில் நானே வருவேன். தூக்க ஆள் வேண்டாம். இருபத்தாறு படிகளையும் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக ஏறி, பதினேழாம் பீடத்துக்குப் போய், என்னுடையதை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் நான் நிற்பேன். அன்று பட்டியல் சரியாக இருக்கும். பண்டகக் காப்பாளர் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்.

தங்கள் ஆணைக்காக, நிற்க முடியாமல் காத்திருக்கும்,

(இடது கைக் கையொப்பம்)
கலைஞர்

இடம்: மேற்படி மாடி
நாள்: ஊன்றுகோல் போன பத்தொன்பதாம் நாள்

இணைப்பு: மணிக்கட்டுச் சிகிச்சைச் சீட்டு, விளம்பரத் தாள், இரண்டு கட்டங்களில் குறியிட்ட படிவம்.