பத்து நிமிடச் சாய்வு

2091 மார்ச் 7, புதன்கிழமை, 08:15
வெளி வெப்பநிலை கழித்தல் 61 பாகை. காற்றழுத்தம் இயல்பு. செவ்வாய்க் கோளின் இத்தளத்தில் மண்ணியல் ஆய்வாளன் சடகோபன், அகவை 69, தனித்திருக்கிறேன். மற்ற நால்வரும் மேலே சுற்றும் கப்பலை அடைந்துவிட்டனர். என்னை ஏற்றும் கடைசி ஓடம் வெள்ளியன்று வர வேண்டும். மார்ச் 4 முதல் (நேற்றைய குறிப்பில் 5 என்றது பிழை) கால்கள் மரத்துள்ளன. முதுகுத்தண்டைப் படமெடுத்துப் பார்த்த பிறகே அனுமதி என்கிறார் கப்பல் மருத்துவர் ஹெலன் ஜெபமணி.

அதே நாள், 10:40
இச்சோதனைக்கு உட்படுவோர் அறிய: குப்புறப் படுக்க வேண்டும். இடுப்பருகே மரத்துப்போக ஓர் ஊசி. பின்பு, படத்தில் வெண்மையாகத் தெரியும் மருந்தை எந்திரக் கை தண்டுவட நீரில் செலுத்தும். வலி குறைவு, அழுத்தமும் வெம்மையும் உண்டு. பின்னர் மேசை தலைப்பக்கம் சாயும். மருந்து கழுத்தை நோக்கி வழியும்.

கப்பலிலிருந்து: “பயப்படாதீங்க சார். திட்டணும்னு தோணினா எந்திரத்தைத் திட்டுங்க, என்னையில்ல. சாய்ச்சதும் பத்து நிமிஷம், அதுக்கு மேல வேணாம்.”

பத்து நிமிடம், ஒரு நொடியும் பிசகாமல் கிடந்தேன். நிமிடத்திற்கு ஒரு படம். கடைசிப் படத்தை அனுப்பினேன்.

மார்ச் 8, வியாழக்கிழமை, 07:05
தலைவலி. எதிர்பார்க்கத் தக்கதே. தலையை உயர்த்திப் படுத்து, நிறைய நீர் அருந்துக.

கப்பலிலிருந்து: “சார்... மருந்து கழுத்துல ஆறாவது எலும்போட நின்னுபோச்சு. முழு அடைப்பு. கிளம்புற வேகத்துல அங்க தண்டுவடம் நசுங்கினா மூச்சே நின்னுரும். நான் எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்? இருக்கிற இடத்துலயாவது உயிரோட இருங்க.”

ஒப்புக்கொண்டேன். அடுத்த கப்பல் 2093 மே. காற்று 2091 ஆகஸ்ட் 19, ஞாயிறு வரை.

மார்ச் 9, வெள்ளிக்கிழமை, 11:40
கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டது.

அதே நாள், 15:30
பத்துப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்பதாவதைவிடப் பத்தாவதில் மருந்தின் விளிம்பு நான்கு மில்லிமீட்டர் முன்னே இருக்கிறது. அது நிற்கவில்லை, வழிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் என்பது பூமியின் கணக்கு. இங்கே ஈர்ப்பு மூன்றில் ஒரு பங்கு சொச்சம். இருபத்தேழு நிமிடம் வேண்டும். அவரும் மறந்தார். முப்பத்தோராம் மாதமாக இம்மண்ணை எடைபோடும் நானும்.

மார்ச் 10, சனிக்கிழமை, 09:50
எஞ்சிய ஒரே மருந்துக் குப்பியையும் செலுத்தச் செய்தேன். 27 நிமிடம். மருந்து ஆறாவது எலும்பைக் கடந்தது. கழுத்து முழுதும் வெண்மை. அடைப்பில்லை. நான் ஏறியிருக்கலாம்.

அதே நாள், 16:05
கப்பலிலிருந்து: “சார், ராத்திரியெல்லாம் தூங்கல. இன்னொரு படம் எடுத்துப் பாத்தீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிருங்க.”

கப்பல் திரும்ப இயலாது, எரிபொருள் அவ்வளவே. இன்னும் ஏழு மாதப் பயணம். நால்வரின் உடல்நலம் அவர் பொறுப்பு.

16:20
“எடுக்கவில்லை அம்மா. மருந்து தீர்ந்துவிட்டது. தங்கள் முடிவு சரியே” என்று பதிலனுப்பினேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: அடுத்த நோயாளியை இருபத்தேழு நிமிடம் சாய்த்து வையுங்கள். மருத்துவரிடம் இப்பக்கத்தைக் காட்ட வேண்டாம். இக்குறிப்பேட்டின் தேதிகள் யாவும் சரிபார்க்கப்பட்டவை. 16:20-இன் பதில் மட்டும் தெரிந்தே எழுதிய பிழை.