திரும்பிவிடலாம் என்றவன்

அன்பு மகளே,

அன்று மலையேறும்போது குதிரைமேல் நான் மூட்டைபோல் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து என் சிநேகிதன், உன் செல்ல மாமா, வழியெல்லாம் சிரித்தான். பாதி மலையில் வெயில் மறைந்து மேகம் இறங்கியது. "திரும்பிடலாம்டா" என்றான். "மழையில கரைய நீ என்ன உப்பா? ஏறுடா" என்றேன் நான்.

சற்று நேரத்தில் ஆலங்கட்டி மழை. அவன் குதிரை மிரண்டு சறுக்கியது. பள்ளத்திலிருந்து அவனை உயிரோடு தூக்க முடியவில்லை.

"மேல போகணும்னு யாருண்ணே அடம் புடிச்சது?" என்று அவன் மனைவி, உன் அத்தை, கேட்டாள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத என் மூளைக்குப் பொய் மட்டும் உடனே வந்தது. "அவன்தாம்மா" என்றேன்.

அன்றிலிருந்து அவள் அவன் படத்தைத் திட்டிக்கொண்டே எனக்குச் சோறு போடுகிறாள். இனி அது தொண்டையில் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லப்போகிறேன். நீயும் வா. வந்து அவள் பக்கத்தில் உட்கார். என் பக்கத்தில் வேண்டாம்.

உன் அப்பா